தட்டில் இருப்பது எந்த விலங்கு? காட்டு இறைச்சி பரிமாறும் உணவகத்தாருக்கு ஒரு திறந்த மடல்

காட்டு விலங்குகளின் இறைச்சியைச் சமைத்துப் பரிமாறும் உணவகங்களின் உரிமையாளர்களுக்கும், தலைமைச் சமையற்கலைஞர்களுக்கும், வேட்டை இறைச்சி விருந்துகளை ஏற்பாடு செய்பவர்களுக்கும்,

வணக்கம்.

நான் புலால் உண்பவன். ஆடு, மாடு, கோழி என்ற வழக்கமான வட்டத்தோடு நின்றுவிடாமல், மான், காட்டுப்பன்றி, கங்காரு, முதலை என்று வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் சுவைத்துப் பார்த்தவன். ஆகவே இம்மடலைப் புலால் மறுப்புப் பிரசாரம் என்று எண்ணி மடித்து வைத்துவிட வேண்டாம். அந்த விலங்குகள் உங்கள் அடுப்புக்கு வரக் கூடாது என்று நான் கேட்கவில்லை. வந்திருப்பது எந்த விலங்கு, எங்கே வாழ்ந்தது, எப்படி உயிர்விட்டது, யார் அதைச் சோதித்தார்கள், எந்தப் பதத்தில் வெந்தது என்ற விவரங்களை உண்பவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள் என்று மட்டுமே கேட்கிறேன். சின்னக் கோரிக்கை என்று நினைத்துத்தான் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத, அது அவ்வளவு சின்னதல்ல என்று எனக்கே விளங்கிற்று.

சில ஆண்டுகளுக்கு முன் இத்தகைய விருந்தொன்றில் என் முன் ஒரு தட்டு வைக்கப்பட்டது. உணவுப் பட்டியலில் அதற்கு ‘அடர்வனத்தின் அரிய சுவை’ என்று பெயர். அதன் கீழே மூன்று வரி வருணனை. அந்த மூன்று வரியில் புகையும் பனியும் மூலிகையும் இருந்தனவே தவிர, விலங்கின் பெயர் இல்லை. விரல் தடிமனில், கருஞ்சிவப்பாக, ஓரம் மட்டும் கருகிய துண்டு. கத்தி வைத்ததும் நடுவிலிருந்து செந்நீர் கசிந்து தட்டின் வெள்ளையில் பரவியது. இது என்ன விலங்கு என்று பரிமாறிய இளைஞரிடம் கேட்டேன். உள்ளே போய் விசாரித்து வந்தவர், “மான் வகைதான் சார்” என்றார். எந்த மான் என்றேன். மறுபடியும் உள்ளே போனார். திரும்பி வந்தபோது முகத்தில் சங்கடம் தெரிந்தது. “காட்டிலிருந்து வந்ததுதானாம் சார், நம்பிச் சாப்பிடலாமாம்” என்றார். மூன்றாவது கவளத்தில் கடைவாய்ப் பல்லில் ஏதோ நறுக்கென்று பட்டது. எடுத்துப் பார்த்தால், மிளகில் கால்வாசி இருக்கும், சாம்பல் நிறத்தில் கோணல்மாணலாக ஓர் உலோகத் துணுக்கு. நகத்தால் கீறியதும் பளபளத்தது. ஈயம். அந்த விலங்கு சுடப்பட்டு இறந்தது என்ற தகவல் எனக்கு அப்படித்தான் கிடைத்தது. இளைஞர் மீது எனக்கு வருத்தம் இல்லை. அவருக்குச் சொன்னால்தானே அவர் எனக்குச் சொல்ல முடியும்.

பெயர் சொல்லாமல் பரிமாறுவது ஒரு வகை; பெயரை மாற்றிப் பரிமாறுவது இன்னொரு வகை. 1951 ஜனவரியில், எக்ஸ்ப்ளோரர்ஸ் கிளப் என்ற ஆய்வுப் பயணிகள் சங்கம் நியூயார்க்கின் ரூஸ்வெல்ட் ஹோட்டலில் தன் ஆண்டு விருந்தை நடத்தியது. என்றோ அழிந்துபோய்ப் பனியில் புதைந்து கிடந்த விலங்கின் இறைச்சி அங்கே பரிமாறப்பட்டதாகப் பேச்சு பரவிற்று. மாமூத் யானை என்றனர் சிலர். மெகாதீரியம் என்ற பூதாகாரமான தொல்விலங்கு என்றனர் வேறு சிலர். விருந்துக்கு வர இயலாத அருங்காட்சியகப் பொறுப்பாளர் ஒருவருக்காக அதில் ஒரு துண்டு குப்பியில் பதப்படுத்தி அனுப்பப்பட்டது. அந்தத் துண்டு எப்படியோ அறுபது ஆண்டுகளுக்கு மேல் தப்பிப் பிழைத்தது. யேல் பல்கலைக்கழகத்தினர் அதன் டிஎன்ஏவைச் சோதித்து 2016இல் வெளியிட்ட முடிவு, அது பச்சைக் கடலாமையின் இறைச்சி என்பது. அன்றைய விருந்தில் ஆமை சூப்பும் இருந்தது என்பதை நினைத்தால், அந்தக் குப்பிக்குள் போனது எந்தப் பாத்திரத்திலிருந்து என்று ஊகிப்பது கடினமல்ல. உலகத்தைச் சுற்றிப் பார்த்தவர்கள், விலங்குகளை நேரில் அறிந்தவர்கள் கூடியிருந்த அவையில் கிளம்பிய கதையே இத்தனை ஆண்டுகள் ஓடியது என்றால், என்னைப் போன்ற சாதாரண வாடிக்கையாளரின் நாக்கை நம்பி என்ன பயன்?

அது வேடிக்கைக்காகச் சொன்னதாகவும் இருக்கலாம். வியாபாரத்தில் நடப்பது வேடிக்கை அல்ல. தென்னாப்பிரிக்காவில் பில்டாங் என்ற உலர்ந்த இறைச்சியை ஆராய்ச்சியாளர்கள் டிஎன்ஏ சோதனைக்கு உட்படுத்தி 2013இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மாட்டிறைச்சி என்று விற்கப்பட்டவை மாட்டிறைச்சியாகவே இருந்தன. காட்டு விலங்கு என்று விற்கப்பட்டவற்றிலோ பெரும்பாலானவை வேறு விலங்கு. வரிக்குதிரை இறைச்சிகூட அவற்றுள் இருந்தது. இதில் யோசிக்க வேண்டிய ஒன்று உண்டு. மாட்டிறைச்சி என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை. பொய் சொன்னால் உண்பவருக்குத் தெரிந்துவிடும். காட்டு இறைச்சியின் சுவை உண்பவருக்குப் பழக்கமில்லை என்பதுதான் பொய்க்கு இடம் கொடுக்கிறது. உங்கள் தொழிலின் முழுக் கவர்ச்சியும் அந்தப் பழக்கமின்மையில்தான் இருக்கிறது. ஆகவே உங்கள் பொறுப்பும் அங்கேதான் தொடங்குகிறது.

நேர்மையான பட்டியலுக்கு எடுத்துக்காட்டு வேண்டுமென்றால், வேடிக்கையாக, பஞ்ச காலத்துப் பட்டியல் ஒன்றைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது. 1870இல் பிரஷ்யப் படை பாரிஸ் நகரை முற்றுகையிட்டிருந்தபோது, விலங்குக் காட்சிசாலையின் விலங்குகள்கூட இறைச்சிக்கு விற்கப்பட்டன. அந்த ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள், முற்றுகையின் 99ஆம் நாள், வுவாசான் என்ற உணவகம் அச்சிட்ட பட்டியல் இன்றும் கிடைக்கிறது. யானைச் சாறு, வாட்டிய ஒட்டகம், கங்காருக் குழம்பு, கரடி விலா, ஓநாய்த் தொடை, எலிகள் சூழ்ந்த பூனை என்று ஒவ்வொன்றிலும் விலங்கின் பெயர் வெளிப்படையாக நிற்கிறது. வெளியே பீரங்கி, உள்ளே எலி. அந்த நிலையிலும் சமையற்காரர் எலியை எலி என்றே எழுதினார். அமைதிக் காலத்தில், குளிரூட்டிய அறையில், வழுவழுப்பான அட்டையில் அச்சிடும் நாம் ‘வனத்தின் அரிய சுவை’ என்று எழுதுகிறோம்.

‘அரிய’ என்ற அந்தச் சொல்லைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அது ஒரு சுவை அல்ல; ஒரு விலங்கின் எண்ணிக்கை. எண்ணிக்கை குறையக் குறைய மதிப்புக் கூடும் பண்டமாக விலங்கை ஆக்கிவிட்டால், அதன் கதை முடிந்தது. எறும்புத்தின்னிகளின் எட்டு இனங்களையும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்பாட்டின் முதல் இணைப்பில் சேர்த்து, அவற்றின் பன்னாட்டு வணிகத்துக்கு 2016இல் ஜோகானஸ்பர்க் மாநாட்டில் தடை விதிக்க நேர்ந்தது அதனால்தான். செதிலுக்கு மருந்துச் சந்தை இருந்ததுபோல, இறைச்சிக்கும் செல்வர் வீட்டு விருந்துச் சந்தை இருந்தது. பிரான்சில் ஆர்ட்டொலான் என்ற சிட்டுக்குருவி அளவுப் பறவையைக் கொழுக்கவைத்து, ஆர்மன்யாக் மதுவில் மூழ்கடித்து, வாட்டி, தலைமீது துணியைப் போர்த்திக்கொண்டு எலும்போடு உண்டுவந்தார்கள். மணம் தப்பாமலிருக்கத் துணி என்பர். கடவுளின் கண்ணில் படாமலிருக்க என்றும் சொல்வர். 1999இல் அப்பறவைக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது.

அரிதானது மட்டுமே அழியும் என்றும் இல்லை. வட அமெரிக்காவின் பயணிப்புறா வானத்தையே மறைத்துப் பறந்ததாக எழுதி வைத்திருக்கிறார்கள். அதைப் பீப்பாய் பீப்பாயாக அடைத்து ரயிலில் நகரங்களுக்கு அனுப்பினார்கள், மலிவான இறைச்சி. கடைசிப் பறவை சின்சினாட்டி விலங்குக் காட்சிசாலையில் 1914 செப்டம்பர் 1ஆம் நாள் இறந்தது. நிறைய இருக்கிறது என்பதும் ஒரு சாக்கு; எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பவர் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி.

எண்ணிப் பார்த்து உண்பதும் நடக்கத்தான் செய்கிறது. அதையும் சொல்லாவிட்டால் நான் உங்களுக்கு நியாயம் செய்தவனாக மாட்டேன். அலிகேட்டர் என்ற அமெரிக்க முதலை 1967இல் அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டு, 1987இல் மீண்டுவிட்டது என்று அப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. லூசியானாவில் பண்ணையாளர்கள் சதுப்பு நிலத்திலிருந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிக்கவைத்து வளர்த்து, அவற்றில் ஒரு பங்கை மீண்டும் காட்டில் விடுகிறார்கள். முட்டைக்குக் காசு கிடைப்பதால் நில உரிமையாளருக்குச் சதுப்பைச் சதுப்பாகவே வைத்திருக்கக் காரணம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் விற்கப்படும் கங்காரு இறைச்சி பண்ணையிலிருந்து வருவதில்லை. உரிமம் பெற்ற வேட்டைக்காரர்கள், ஆண்டுதோறும் வகுக்கப்படும் ஒதுக்கீட்டுக்குள் சுடுவது. இவற்றையெல்லாம் பெருமையாகவே எழுதலாமே. நல்ல செய்தியைக்கூட உங்கள் பட்டியல்கள் மறைத்து வைக்கின்றன என்பதுதான் எனக்குப் புரியாத புதிர்.

புதிருக்கு ஒரு விடை எனக்குத் தோன்றுகிறது: ‘காட்டிலிருந்து வந்தது’ என்று சொல்லப்படுவதில் பெரும்பங்கு காட்டைக் கண்டதே இல்லை. அமெரிக்காவில் தனி வேட்டைக்காரர் சுட்ட மானைப் பொதுவாக விற்க முடியாது. உணவக மான் பண்ணை மானாகவோ இறக்குமதியாகவோ இருக்கும். அந்த இறக்குமதியில் பெயர் பெற்றது நியூசிலாந்து. அங்கே மான் இயல்பாக இருந்த விலங்கே அல்ல. குடியேறிய பிரித்தானியர் வேட்டைக்கென்று கொண்டுபோய் விட்டது, பெருகிப் பெருகி மலைக்காடுகளை மேய்ந்து தீர்த்தது. 1960களில் ஹெலிகாப்டரிலிருந்து சுட்டு வீழ்த்தினார்கள். பிறகு அதே ஹெலிகாப்டரிலிருந்து வலை வீசி உயிரோடு பிடித்து வேலிக்குள் விட்டு வளர்க்கத் தொடங்கினார்கள். சுவையான வரலாறு. வேலிக்குள் வளர்ந்த மானின் இறைச்சி நல்ல இறைச்சி. ஒரே வயதில், ஒரே சீராக, சோதனை முத்திரையோடு வருவது. அதைப் பண்ணை மான் என்று எழுத ஏன் கூச்சம்? காட்டை எதிர்பார்த்து வந்தவருக்கு ஏமாற்றம் என்றால், பொய்யான காட்டைக் காட்டுவது அதற்கு மருந்தாகாது.

உண்மையாகவே காட்டில் வாழ்ந்த விலங்கு என்றால் எந்தக் காடு என்பதும் தெரிய வேண்டும். ஜெர்மனியின் பவேரியாக் காடுகளில் காட்டுப்பன்றிகளின் இறைச்சியை இன்றும் கதிரியக்கத்துக்காகச் சோதிக்கிறார்கள். சீசியம் என்ற கதிரியக்கத் தனிமம் ஒரு கிலோவுக்கு 600 பெக்கெரலுக்கு (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) மேல் இருந்தால் விற்கக் கூடாது. 1986இல் செர்னோபில் அணு உலை வெடித்தபோது காற்றில் வந்து படிந்தது மட்டுமல்ல, அதற்கு முன் வளிமண்டலத்தில் நடந்த அணு ஆயுதச் சோதனைகளின் எச்சத்துக்கும் இதில் கணிசமான பங்கு உண்டு என்று 2023இல் வெளியான ஆய்வு காட்டியது. மான்களில் அளவு குறைந்துகொண்டே வர, பன்றிகளில் குறையாததற்குக் காரணம், மண்ணுக்கடியில் விளையும் ஒருவகைக் காளானைப் பன்றிகள் தோண்டித் தின்பது. சீசியம் மெல்ல மெல்ல இறங்கிச் சேர்ந்திருப்பது அந்த ஆழத்தில்தான். ஒரே காட்டில் மேயும் இரு விலங்குகளுக்குள் இத்தனை வேறுபாடு இருக்கும்போது, ‘காட்டு இறைச்சி’ என்ற ஒற்றைச் சொல் எதைத்தான் தெரிவிக்கிறது?

சமையற்கலைஞர்களுக்கு அடுத்ததை நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் உரிமையாளர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். விலங்கு எப்படி இறந்தது என்பது இறைச்சியின் நிறத்திலும் பதத்திலும் தங்கிவிடுகிறது. அமைதியாக மேய்ந்துகொண்டிருக்கும்போது ஒரே குண்டில் வீழ்ந்த மானின் தசையில் கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு மிச்சம் இருக்கும். அது லாக்டிக் அமிலமாக மாறி, இறைச்சியின் பிஎச் அளவு (புளிப்பு கூடக் கூட இது குறையும்) ஏறத்தாழ 5.5க்கு இறங்கும், இறைச்சி மெதுவாகப் பழுத்து மென்மையாகும். நாய்களால் நெடுந்தொலைவு துரத்தப்பட்டோ, காயத்தோடு ஓடியோ இறந்த விலங்கில் அந்தச் சேமிப்பு ஓட்டத்திலேயே தீர்ந்துவிடுகிறது. பிஎச் 6க்கு மேலேயே நின்று, இறைச்சி கருத்து, விறைத்து, பிசுபிசுத்து, சீக்கிரம் கெடுகிறது. வயிற்றில் குண்டு பட்டிருந்தால் குடலில் உள்ளது இறைச்சியில் கலந்திருக்கும். ‘காட்டு வாடை’ என்று நாம் பாராட்டிச் சொல்வதில் ஒரு பங்கு, உண்மையில், தாமதமாகக் குடல் நீக்கியதன் வாடை.

என் கடைவாயில் பட்ட ஈயத் துணுக்குக்கு வருகிறேன். ஈயத் தோட்டா எலும்பில் மோதியதும் சிதறுகிறது. எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்தால் காயம் பட்ட தடத்தைத் தாண்டியும் தூசு போன்ற துகள்கள் பரவியிருப்பது தெரியும். பல்லில் படுவது அகப்பட்டுவிட்டது; படாததுதான் வயிற்றுக்குள் போகிறது. அதிலும் வேட்டை இறைச்சியை வினிகர், ஒயின் போன்ற புளிப்பில் ஊறவைப்பது உங்கள் தொழில் வழக்கம். புளிப்பில் ஈயம் கூடுதலாகக் கரைந்து இறைச்சியில் இறங்குகிறது. குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் ஈயத்தால் சுட்ட இறைச்சி வேண்டாம் என்று ஜெர்மனியின் உணவு இடர் மதிப்பீட்டு நிறுவனம் அறிவுறுத்தியிருக்கிறது. டென்மார்க் 1996இல் ஈய ரவைகளையும், 2024 ஏப்ரலில் ஈயத் தோட்டாக்களையும் வேட்டையிலிருந்து விலக்கிவிட்டது. அங்கே வேட்டை நின்றுவிடவில்லை. செம்புத் தோட்டாவால் சுட்ட இறைச்சியை மட்டும் வாங்குவேன் என்று உங்களில் பத்துப் பேர் சொன்னால், விற்பவர் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

பதத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன். ஏனெனில் ஆபத்து நேரடியாகத் தட்டுக்கு வருவது இங்கேதான். 2022ஆம் ஆண்டு அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் ஒரு குடும்பம் கூடிக் கரடிக் கபாப் சமைத்தது. கரடி கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் அந்த மே மாதம் சுடப்பட்டது. உறைய வைத்தால் ஒட்டுண்ணி செத்துவிடும் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்ததால், இறைச்சியை 45 நாள் ஃப்ரீசரில் வைத்திருந்தார்கள். கரடி இறைச்சி இயல்பிலேயே கருத்த நிறம். வெந்ததா வேகாததா என்று கண்ணால் சொல்ல முடியவில்லை. சிலர் சாப்பிட்ட பிறகுதான் உள்ளே பச்சையாக இருப்பது தெரிந்து, மறுபடியும் வாட்டினார்கள். பின்னர் ஆறு பேருக்கு டிரைகினெல்லா என்ற புழுத் தொற்று ஏற்பட்டது. மூவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அந்த ஆறு பேரில் இருவர் கரடி இறைச்சியைத் தொடவே இல்லை. அதே கம்பியில் அதோடு வெந்த காய்கறிகளை மட்டும் சாப்பிட்டவர்கள்.

பன்றி இறைச்சியில் காணப்படும் டிரைகினெல்லா இனம் உறைகுளிரில் செத்துவிடும். அதை வைத்துத்தான் உங்களில் பலர் ‘ஃப்ரீசரில் கிடந்ததுதானே’ என்று ஆறுதல் கொள்கிறீர்கள். வடதுருவப் பகுதிக் கரடிகளிலும் வால்ரஸ்களிலும் இருக்கும் இனம் உறைகுளிரைத் தாங்குவது. அதைக் கொல்வது சூடு மட்டுமே. இறைச்சியின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும் என்று அந்தச் சம்பவத்தை ஆராய்ந்த அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவுறுத்தியது. நிறத்தைப் பார்க்காதீர்கள், வெப்பமானியைக் குத்திப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் காட்டுப்பன்றியின் தசைத் துணுக்கை இப்புழுவுக்காகச் சோதித்த பிறகே விற்பனைக்கு விட வேண்டும் என்பது சட்டம். கரடியையும் காட்டுப்பன்றியையும் உள்ளே சிவந்த பதத்தில் பரிமாறிவிட்டு, அதைத் துணிச்சல் என்று பட்டியலில் எழுதுவது எனக்குச் சமையலாகத் தெரியவில்லை. துணிச்சல் யாருடையது? சாப்பிடுகிறவருக்கு அது தெரியாதே.

ஈரல், மூளை போன்ற உள்ளுறுப்புகளைத் தேடித் தேடிப் பரிமாறும் புது வழக்கத்துக்கும் ஒரு சொல். 1597இல் வடதுருவப் பகுதியின் நோவயா செம்ல்யா தீவில் சிக்கிய, டச்சுக் கடற்பயணி வில்லெம் பாரென்ட்ஸின் மாலுமிகள் பனிக்கரடியின் ஈரலை உண்டு நோயுற்றார்கள். மூவருக்கு உச்சி முதல் பாதம் வரை தோல் உரிந்தது. காரணம் அளவுக்கு மீறிய வைட்டமின் ஏ என்பது 20ஆம் நூற்றாண்டில்தான் தெரிந்தது. துருவ மக்கள் அந்த ஈரலைத் தொடுவதே இல்லை. விலங்கோடு வாழ்பவர்களுக்கு எதை உண்ணலாம் என்பதைப் போலவே எதை விட வேண்டும் என்பதும் தெரியும். நாம் முதல் பாதியை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம்.

உங்கள் சமையலறை ஊழியர்களின் கைகளையும் நினைத்துப் பாருங்கள். வாடிக்கையாளருக்கு வருவது வெந்த இறைச்சி. அவர்கள் தொடுவது பச்சை இறைச்சி. காட்டு முயலைத் தோலுரிக்கும்போது விரலில் இருக்கும் சின்னக் கீறல் வழியே துலரேமியா என்ற பாக்டீரியாக் காய்ச்சல் தொற்றும். 2003இல் ஜப்பானில் சிக்கா மானின் இறைச்சியைப் பச்சையாக உண்டவர்களுக்கு ஹெபடைடிஸ் ஈ என்ற கல்லீரல் அழற்சி வந்தபோது, எஞ்சியிருந்து உறைய வைக்கப்பட்ட அதே இறைச்சியில் அதே வைரஸ் அகப்பட்டது. 1996இல் காபோன் நாட்டின் மயிபூ என்ற ஊரில், காட்டில் செத்துக் கிடந்த சிம்பன்சியை அறுத்தவர்களுக்குத்தான் முதலில் எபோலா கண்டது; அவர்களிடமிருந்து குடும்பத்தாருக்குப் பரவியது. குரங்கினங்கள் எந்த உணவகத்தின் வாசலையும் தாண்டி வரக் கூடாது என்பதற்கு இதற்கு மேல் காரணம் வேண்டுமா?

மான்களை மெலியவைத்துக் கொல்லும் நலிவு நோய் ஒன்றும் உண்டு. 1967இல் கொலராடோவில் முதலில் காணப்பட்டு, 2016இல் நார்வேயின் கலைமான்களிலும் கண்டறியப்பட்டது. அதற்குக் காரணமான பிரையான் என்ற புரதம் அடுப்புச் சூட்டில் அழிவதில்லை. மனிதருக்குத் தொற்றியதாக உறுதியாகவில்லை என்றாலும், நோயுள்ள மானை உண்ண வேண்டாம் என்பதே மருத்துவர்களின் அறிவுரை. நோய் பரவியுள்ள பகுதியிலிருந்து வாங்குவதானால் சோதனைச் சான்று கேட்டு வாங்குங்கள். இதில் வேறு பேச்சுக்கு இடமில்லை.

இவ்வளவும் படித்துவிட்டு, காடுகளில் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடி உண்ணும் மக்கள் இதையெல்லாம் எழுதி வைத்துக்கொண்டா உண்கிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். அவர்களுக்கு எழுத்துத் தேவையில்லை; கொன்றவரே அறுக்கிறார், அறுத்தவர் வீட்டிலேயே சமைக்கிறார்கள், விலங்கு நடந்த நடையிலேயே நோய் இருந்ததா என்பதைக் கண்டிருப்பார்கள். அந்த அறிவு கைமாறிக் கைமாறி, மூன்று இடைத்தரகர்களைக் கடந்து, உங்கள் கதவுக்கு வரும்போது முற்றிலும் உதிர்ந்துவிடுகிறது. உதிர்ந்ததை ஈடுகட்டத்தான் எழுத்து கேட்கிறேன். அவர்களின் பசியையும் நம்முடைய ஆர்வத்தையும் ஒரே தராசில் வைப்பதும் முறையல்ல.

இன்னொன்றும் கேட்பீர்கள்: இத்தனை விவரம் எழுதினால் மர்மம் போய்விடாதா, வாடிக்கையாளர் வருவாரா? நீங்களாக எழுதாவிட்டால் என்ன நேரும் என்பதற்குச் சீனத்தைப் பாருங்கள். 2020 பிப்ரவரி 24ஆம் நாள் அந்நாட்டு மக்கள் பேரவையின் நிலைக்குழு, நிலத்தில் வாழும் காட்டு விலங்குகளை உண்பதற்கே தடை விதித்தது. பண்ணையில் வளர்த்த காட்டு இனங்களும் அதில் அடங்கின. காட்டில் பிடித்ததையும் வளர்த்ததையும் பிரித்தறிய வழியில்லாத சந்தையில், முறையாக வளர்த்தவருக்கும் சேர்த்துக் கதவு சாத்தப்பட்டது. எது எங்கிருந்து வந்தது என்ற பதிவு உள்ள தொழிலைச் சட்டம் திருத்தும். பதிவே இல்லாத தொழிலை மூடத்தான் முடியும்.

நான் கேட்பது எப்படி இருக்கும் என்று எழுதியே காட்டிவிடுகிறேன். “செம்மான், முதுகுத் தசை. நியூசிலாந்துப் பண்ணை. நடுப்பகுதி இளஞ்சிவப்பாகப் பரிமாறப்படும்.” “காட்டுப்பன்றி, தொடை. காட்டில் ஈயமில்லாத தோட்டாவால் சுடப்பட்டது. டிரைகினெல்லாச் சோதனையும் கதிரியக்கச் சோதனையும் முடிந்தது. முழுதும் வெந்த பதத்தில் மட்டும். பதம் மாற்றித் தர இயலாது.” “சாம்பல் நிறக் கங்காரு, வால். உரிம வேட்டை, ஆஸ்திரேலியா.” ஒவ்வொன்றும் ஓரிரு வரி. வாங்கும்போதே கேட்டுப் பெற்ற சான்றுகளை ஒரு கோப்பில் போட்டு, கேட்பவருக்குக் காட்டும் இடத்தில் வையுங்கள். பரிமாறுபவருக்கு அன்றைய இறைச்சியைப் பற்றி வேலை தொடங்கும் முன் ஐந்து நிமிடம் சொல்லிக்கொடுங்கள். அந்த இளைஞர் இரண்டு முறை உள்ளே போய் வந்ததுபோல் இனி யாரும் நடக்க வேண்டியிருக்காது.

சான்று இல்லாத இறைச்சியை வாங்காமல் திருப்பி அனுப்பிய நாளில், பட்டியலில் அந்த வரியை அடித்துவிட்டு ‘இன்று இல்லை’ என்று எழுதி வையுங்கள். அன்று நான் கோழி சாப்பிட்டுவிட்டுப் போகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்களுள் ஒருவன்